கூளி கூறிய போர்

வாழ்ந்து மறைந்த மன்னரையும் மறவரையும் பற்றிப் பின்வந்தோர் அறிவதற்குக் கருவிகள் பல உள்ளன. கல்வெட்டு, செப்பேடு, நாணயம், வெளிநாட்டார் எழுதிவைத்த குறிப்பு ஆகியவை அவற்றுட் சில. இவற்றோடு இலக்கியமும் ஒரு கருவியாகும். ஆயினும், இலக்கியம் படைக்கும் புலவன் வரலாற்றாசிரியன் அல்லன். அவன் வாழ்ந்த மாந்தரின் பெயர்களை எடுத்துக்கொண்டு, வாழாத உயிர்களை அவர்கள் அருகே நிறுத்துவான். மன்னன் வீற்றிருக்கும் மண்டபத்திற்கு அப்பால், பேய்கள் பசியால் துடிக்கும் பாலைக்காடு ஒன்றைப் படைப்பான். கல்வெட்டில் ஒரு வரியாக நிற்கும் வெற்றி அவன் பாட்டில் குருதியாறாகப் பெருகும்.

இத்தகைய நூல்களைக் கற்போர் இரு தவறுகளுள் ஒன்றனைச் செய்தல் கூடும். நூலிற் கூறிய யாவும் நடந்தவை என நம்புதல் ஒன்று; பேயும் பூதமும் வருதலின் யாவும் பொய் எனத் தள்ளுதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடம் கொடாமல் நடுநின்று கற்பது எங்ஙனம் என்பதனைக் கலிங்கத்துப்பரணி என்னும் நூலைக் கொண்டு அறியலாம்.

பரணி என்னும் நூல்வகை

கலிங்கத்துப்பரணியை இயற்றியவர் செயங்கொண்டார். அவர் முதற் குலோத்துங்க சோழனின் அவையை அணிசெய்த புலவர். தமிழிலுள்ள சிற்றிலக்கிய வகைகளுள் பரணியும் ஒன்று. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்ற வீரனைப் புகழ்ந்து பாடுவது பரணி எனப் பாட்டியல் நூலார் இலக்கணம் வகுத்தனர். பரணி என்னும் விண்மீன் காளிக்கும் யமனுக்கும் உரியது என்பர். அந்நாளில், போர்க்களத்தில் விழுந்த உடல்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைத்துக் காளிக்குப் படைத்துத் தாமும் உண்ணும் என்பது இந்நூல்வகையின் அடிப்படைக் கற்பனையாகும். ஆதலின் பேய்கள் இல்லாமல் பரணி இல்லை.

பரணிக்கு மற்றொரு மரபும் உண்டு. வென்றவனைப் புகழ எழுந்த நூலாயினும் அது தோற்றவர் பெயராலேயே வழங்கப்பெறும். சோழன் வென்றான், கலிங்கம் தோற்றது, நூலின் பெயரோ கலிங்கத்துப்பரணி. ஒட்டக்கூத்தர் இயற்றிய தக்கயாகப்பரணியும் அழிவுற்ற தக்கன் வேள்வியின் பெயரையே தாங்கி நிற்கிறது. வென்றவன் புகழைப் பாடப் புகுந்த நூலின் நெற்றியிலே தோற்றவன் பெயர் எழுதப்பட்டிருப்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

நூலில் வரும் மெய்ம்மாந்தர்

கலிங்கத்துப்பரணியில் வரும் அரசர்கள் கற்பனையில் தோன்றியவர் அல்லர். முதற் குலோத்துங்கன் 1070 ஆம் ஆண்டில் சோழ அரியணை ஏறினான். தந்தை வழியில் அவன் கீழைச் சளுக்கிய மரபினன். வேங்கி நாட்டை ஆண்ட இராசராச நரேந்திரனின் மகன். தாய் வழியில் அவன் சோழன். கங்கையும் கடாரமும் கொண்ட இராசேந்திர சோழனின் மகளாகிய அம்மங்கை தேவியே அவன் தாய். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் அவன் ஆட்சி நடந்தது. 1077 இல் சீன நாட்டிற்குத் தூது அனுப்பியவனும், நிலத்தை அளக்கச் செய்தவனும், சுங்கம் தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றவனும் அவனே. செயங்கொண்டார் அவனை அபயன் என்னும் பெயராலும் பாடுகின்றார்.

படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான் பல்லவர் குடியினன். வண்டை என்னும் ஊர்க்கு உரியவன். கருணாகரன் என்னும் சொல் கருணைக்கு உறைவிடமானவன் எனப் பொருள்படும். கலிங்கத்தின்மேல் எரியெனப் பாய்ந்த தலைவன் அப்பெயரைப் பூண்டிருந்தது காலத்தின் விந்தைகளுள் ஒன்று.

சோழனை எதிர்த்த வடகலிங்க வேந்தன், கீழைக் கங்க மரபைச் சேர்ந்த அனந்தவர்மன் சோடகங்கன் என வரலாற்றாசிரியர் காண்பர். அவன் 1078 இல் அரசுக்கு வந்தவன். அவன் பெயரில் உள்ள ‘சோட’ என்னும் சொல் சோழரைக் குறிப்பதாகும். அவன் தாய் இராசசுந்தரி சோழர் குலத்து இளவரசி. எனவே, போரின் இருபுறத்தும் நின்ற இரு வேந்தரும் சோழ நாட்டுப் பெண்கள் பெற்ற மக்களே. கலிங்கப் போர் 1110 ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்தது என்பர். குலோத்துங்கன் கலிங்கத்தை வென்ற செய்தியை அவனுடைய மெய்க்கீர்த்திகளும் கூறுகின்றன.

இவ்வளவும் வரலாறு. இவ்வளவைக் கூற நூறு வரிகள் போதும். செயங்கொண்டாரோ இதன்மேல் வேறோர் உலகத்தையே அமைத்தார்.

காளி கோயிலும் பேய்களும்

நூலின் முற்பகுதியில் சோழனும் இல்லை, கலிங்கனும் இல்லை. வெயில் தீய்த்த பாலைநிலம் ஒன்றே கண்முன் தோன்றுகிறது. அதன் நடுவே காளியின் கோயில் நிற்கிறது. அக்கோயில் கட்டப்பட்ட முறையைப் புலவர் விரித்துக் கூறுகின்றார். போரில் மாண்ட மன்னரின் மனைவியர் கழற்றி எறிந்த மணிகளே அக்கோயிலின் அடித்தளத்தில் இடப்பட்டன. மாண்டவர் தலைகளே சுவரில் அடுக்கப்பட்ட கற்கள். அவர்தம் நிணமும் குருதியுமே குழைத்துப் பூசிய சாந்து. கைம்மை எய்திய மகளிரின் அணிகலன்மீது ஒரு கோயில் எழுந்தது என்னும் இக்கற்பனை, படிப்போரை முதலில் அஞ்சச் செய்யும். பின்னர்ச் சிந்திக்கச் செய்யும்.

அக்கோயிலைச் சுற்றி வாழும் பேய்களின் தோற்றம் அச்சத்தையும் நகைப்பையும் ஒருங்கே விளைப்பது. அவற்றின் வாய் குகையோடு போட்டியிடும். உட்கார்ந்தால் முழங்கால் முகத்திற்கு மேலே மூன்று முழம் உயர்ந்து நிற்கும். தசையற்ற எலும்புகளை நரம்பினால் இறுகக் கட்டிய விறகுக்கட்டுப் போன்றது அவற்றின் உடல். இவை யாவற்றினும் கொடியது அவற்றின் பசி. நெடுநாள் போர் நிகழாமையின் உணவின்றி வாடுகின்றன. தம் துயரைக் காளியிடம் முறையிடுகின்றன. நாட்டு மக்களுக்கு அமைதியாக விளங்கும் காலம் பேய்களுக்குப் பஞ்சமாக விளங்குகிறது. இப்பஞ்சம் எப்போது தீரும் என்னும் கேள்வியே நூலின் கதையை நடத்திச் செல்கிறது.

இந்திரசாலம்

பசித்த பேய்களின் இடையே முதுபேய் ஒன்று வந்து சேர்கிறது. அது முன்னொரு நாள் காளியின் சினத்திற்கு அஞ்சி இமயத்திற்கு ஓடி, ஆங்கு மாயவித்தை கற்று மீண்டது. தான் கற்ற இந்திரசாலத்தைக் காளியின் முன்னிலையில் அது செய்து காட்டுகிறது. வீழ்ந்த யானைகள் தோன்றுகின்றன. தலையற்ற உடல்கள் தோன்றுகின்றன. குருதி வெள்ளம் பெருகி ஓடுகிறது. அதனை மெய்யென நம்பிய பேய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து முகந்து முகந்து உண்ணப் புகுகின்றன. கையில் ஏதும் அகப்படவில்லை. வாயில் ஏதும் சேரவில்லை. வெறுங்காற்றை விழுங்கிக் களைத்து வீழ்கின்றன.

இப்பகுதி நகைச்சுவைக்காகவே அமைக்கப்பட்டது போலத் தோன்றும். ஆயினும் இலக்கியம் கற்போர்க்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. புலவனின் கற்பனையும் ஓர் இந்திரசாலமே. அதனைக் கண்டு வியக்கலாம், அஞ்சலாம், மகிழலாம். அதனையே உணவெனக் கருதி அள்ளி உண்ணப் புகுந்தால் பசித்த பேயின் நிலையே வந்து சேரும். செயங்கொண்டார் தம் நூலின் நடுவிலேயே மாயத்தோற்றம் இன்னது என்று காட்டிவிட்டார். அதன் பின்னரே போரைப் பாடத் தொடங்கினார்.

கூளியின் வாய்மொழி

போரை எவ்வாறு பாடினார்? புலவர் தம் வாயால் அதனைக் கூறவில்லை. சோழன் அவையிலிருந்த அமைச்சரையோ களத்தில் நின்ற வீரரையோ கொண்டும் கூறவில்லை. கலிங்கத்திலிருந்து ஓடிவந்த கூளி ஒன்று காளிக்குக் கூறுவதாக அமைத்தார். கூளி என்பது பேய். கலிங்கக் களத்தில் குவிந்த உணவை உண்டு தீர்க்க ஈண்டுள்ள பேய்கள் போதமாட்டா என்னும் மகிழ்ச்சிச் செய்தியோடு அது வந்தது. அதன் வாயிலிருந்தே வரலாறு பிறக்கிறது.

குலோத்துங்கன் காஞ்சியில் வீற்றிருந்தான். பல நாட்டு மன்னரும் திறை கொணர்ந்து வணங்கினர். திறை கொடாதவர் எவரேனும் உளரோ என வேந்தன் வினவினான். வடகலிங்க வேந்தன் இருமுறை திறை கொணர்ந்திலன் எனத் திருமந்திர ஓலை நாயகன் விடையிறுத்தான். கலிங்கத்தின் மலையரண்களை அழித்து, யானைகளையும் கலிங்க வேந்தனையும் பற்றிக் கொணர்க என்னும் ஆணை பிறந்தது. கருணாகரத் தொண்டைமான் அப்பணியைத் தான் ஏற்றான். படை பாலாற்றைக் கடந்தது, கிருட்டிணையைக் கடந்தது, கோதாவரியைக் கடந்தது. கலிங்கத்தின் ஊர்கள் எரிந்தன. மக்கள் தம் வேந்தனிடம் ஓடி முறையிட்டனர்.

கலிங்கன் அவையில் எங்கராயன் என்னும் அமைச்சன் இருந்தான். வந்திருப்பது சோழனின் படையே எனினும் அதனை எளிதாக எண்ணலாகாது என அவன் அறிவுரை கூறினான். செருக்குற்ற வேந்தன் அதனைக் கேளான். இரு படைகளும் கலந்தன. யானை யானையோடும், குதிரை குதிரையோடும், வீரர் வீரரோடும் மோதினர். இப்பகுதியின் பாட்டுகள் ஈரடியால் அமைந்து, வாளோசையும் முரசோசையும் செவியில் ஒலிக்குமாறு விரைந்து செல்வன. முடிவில் கலிங்கப் படை உடைந்தது. வேந்தன் எங்கோ ஓடி ஒளிந்தான். கருணாகரன் களிறுகளையும் பெரும்பொருளையும் கவர்ந்து வந்து குலோத்துங்கன் அடியில் வைத்து வணங்கினான்.

இங்கு ஒன்று கருதுக. அரண்மனை எழுத்தன் இப்போரை எழுதியிருப்பின் கவர்ந்த களிறு இத்தனை, கொணர்ந்த பொன் இத்தனை என எண்ணியிருப்பான். கூளியோ களத்தில் விழுந்த உடல்களையே எண்ணுகிறது. அதற்குச் சோழன் என்றும் கலிங்கன் என்றும் வேற்றுமை இல்லை. வெட்டுண்ட தலை எந்நாட்டுத் தலையாயினும் கூழுக்கு ஒன்றே. போரினால் நாட்டுக்கு வந்தது என்ன என்பதனை மெய்க்கீர்த்தி கூறும். போரினால் மனித உடலுக்கு வந்தது என்ன என்பதனைக் கூறக் கூளியே வேண்டியிருந்தது.

களத்தில் நகையும் அழுகையும்

தோற்றோடிய கலிங்க வீரர் உயிர்பிழைக்கப் பல வேடம் பூண்டனர் எனப் புலவர் நகை தோன்றப் பாடுகின்றார். வில்லின் நாணை அறுத்து மார்பிற் பூணூலாக அணிந்து, கங்கை நீராட வந்து அகப்பட்டோம் என்றனர் சிலர். குருதி தோய்ந்த கொடித்துணியைப் போர்த்துத் தலையை மழித்து, யாம் புத்தத் துறவியர் என்றனர் சிலர். ஆடை இழந்து அமணர் எனக் கூறித் தப்பியவரும் உளர். கலிங்கம் என்னும் சொல்லுக்கு ஆடை எனவும் பொருள் உண்மையின், கலிங்கர் தம் கலிங்கத்தை இழந்தனர் எனப் புலவர் சொல்விளையாட்டும் நிகழ்த்துகின்றார். யானையின் கழுத்து மணியைத் தாளமாகக் கையிற் கொண்டு, யாம் பாடித் திரியும் பாணர் என்றவரும் இருந்தனர். படிப்போர் நகைப்பர். எனினும், நேற்றுவரை வாளேந்திய மனிதன் உயிருக்கு அஞ்சித் தாளம் ஏந்தி நிற்கும் காட்சி அந்நகைப்பின் அடியில் மறைந்து கிடக்கிறது.

பின்னர்க் காளி தன் பேய்க்கூட்டம் சூழக் களம் காண வருகிறாள். பேய்கள் யானைக் கோட்டினால் பல் துலக்கி நீராடுகின்றன, அடுப்பு மூட்டுகின்றன. விழுந்தவர் பற்களே அரிசி. கிழிந்த முரசே உரல். யானைத் தந்தமே உலக்கை. அரிசி குற்றும் மகளிர் பாடும் வள்ளைப்பாட்டை அவையும் பாடுகின்றன. அப்பாட்டின் பொருள் குலோத்துங்கன் புகழ். ஒரு சிற்றூரின் திருநாட் சமையலில் காணும் ஆரவாரம் யாவும் அங்கே காணப்படும். சமைக்கும் பொருள் ஒன்றே வேறு. வீட்டில் நாள்தோறும் நிகழும் தொழிலைக் களத்தில் கொண்டுபோய் வைத்தமையாலேயே அச்சம் பன்மடங்காகிறது. எவரும் காணாத கொடுமையைக் கூறினால் கேட்போர் உள்ளத்தில் அது தங்காது. உரலும் உலக்கையுமாகக் கூறினால் மறக்க இயலாது.

இத்தனை ஆரவாரத்தினிடையே புலவர் சில பெண்களையும் காட்டுகின்றார். கணவன் உடலைத் தேடிக் களத்திற்கு வந்தவர் அவர்கள். ஒருத்தி காளியை நோக்கி, என் கணவனின் வாளேந்திய கை எங்கே, அணிபூண்ட மார்பு எங்கே, எவர்க்கும் புறங்கொடாத தோள் எங்கே எனக் கேட்டுக்கேட்டு நிற்கிறாள். மற்றொருத்தி கணவன் உடல் மண்ணில் படாதவாறு தன் கைகளால் தாங்கிக்கொள்கிறாள். நிலமகளும் அவனைத் தீண்டலாகாது, வானமகளிரும் அவனை அடையலாகாது என எண்ணி, அவன் உயிரோடு தன் உயிரையும் விடுகிறாள்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்றார். அவற்றுள் அச்சமும் இளிவரலும் நகையும் பெருமிதமும் அழுகையும் இக்களத்தில் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. பேயின் பசி கற்பனை. அப்பெண்ணின் கேள்வி கற்பனையன்று. கலிங்கத்தில் அத்தகைய கேள்வியைக் கேட்டவள் பெயரை எந்தக் கல்வெட்டும் பொறித்து வைக்கவில்லை. பேய்கள் நிறைந்த பாட்டே அவள் குரலைக் காத்து வைத்துள்ளது.

கலிங்கம் இதற்குமுன்னும் ஒரு பெரும்போரைக் கண்ட நாடு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் அதனை வென்றான். அப்போரில் ஓரிலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்றும், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்றும், அதனால் தான் வருந்தியதாகவும் அவன் பாறையில் பொறித்தான். வென்ற வேந்தனே தோற்றவரின் துயரை எண்ணிட்டு எழுதியது உலக வரலாற்றில் அரியது. குலோத்துங்கன் காலத்துப் போருக்கு அத்தகைய கல்வெட்டு இல்லை. இறந்தவரை எண்ணும் பணி கூளிக்கு வந்து சேர்ந்தது.

வரலாறு கூறும் பிற்செய்தி

பரணியைப் படித்து முடித்தோர், கலிங்கம் அன்றோடு அழிந்தது எனவும் அதன் வேந்தன் ஒளிந்த இடத்திலேயே மறைந்தான் எனவும் எண்ணுதல் கூடும். வரலாறு வேறு வகையாகக் கூறுகிறது. அனந்தவர்மன் சோடகங்கன் இப்போருக்குப் பின்னும் ஏறக்குறைய நாற்பதாண்டுகள் அரசாண்டான். மொத்தம் எழுபதாண்டளவு நீண்டது அவன் ஆட்சி. உத்கல நாட்டை வென்று தன் ஆட்சியை விரிவாக்கினான். பூரியில் இன்றும் ஓங்கி நிற்கும் செகந்நாதர் கோயிலைக் கட்டத் தொடங்கியவன் அவனே. கலிங்கம் சோழப் பேரரசின் மண்டலமாக நிலைத்திருக்கவும் இல்லை. பரணியில் ஓடி ஒளியும் வேந்தன், தன் நாட்டு வரலாற்றில் பேரரசனாகத் திகழ்கிறான்.

இதனால் செயங்கொண்டார் பொய் கூறினார் எனலாமோ? ஆகாது. போர் நடந்தது, சோழர் படை வென்றது, அதனை அவர் பாடினார். ஆனால் வென்றவன் அவையிலிருந்து பாடினார். பூரியிலிருந்து ஒரு புலவர் பாடியிருப்பின் அவர் வேறு பேய்களை வேறு களத்தில் ஆட விட்டிருப்பார். நூலொன்றைக் கற்கும்போது அது யாருடைய மண்டபத்தில் பாடப்பட்டது என்று கேட்பது, அந்நூலுக்கு இழுக்கன்று. கற்போர்க்கு இன்றியமையாத கடமை.

பிறநாட்டு நாடகம் ஒன்று

மெய்ம்மன்னரையும் பேயுலகையும் கலந்து பாடும் வழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில நாடகப் பெருங்கவிஞரான ஷேக்ஸ்பியர் 1606 ஆம் ஆண்டளவில் ‘மாக்பெத்’ என்னும் நாடகத்தை இயற்றினார். அதில் சூனியக்காரியர் மூவர் வருகின்றனர். கொலையுண்டவனின் ஆவி விருந்து மண்டபத்தில் வந்து அமர்கிறது. மாக்பெத் தன் வீட்டில் விருந்தினனாகத் துயின்ற முதிய மன்னன் டங்கனைக் கத்தியால் கொல்கிறான். மனச்சான்று கொலைகாரனை எவ்வாறு வாட்டும் என்பதனை இந்நாடகத்தைப்போல் உணர்த்தும் நூல்கள் சிலவே.

மாக்பெத் என்னும் மன்னன் மெய்யாகவே வாழ்ந்தவன். 1040 முதல் 1057 வரை ஸ்காத்லாந்தை ஆண்டான். டங்கன் முதியவன் அல்லன். துயிலும்போது கொல்லப்பட்டவனும் அல்லன். 1040 இல் நிகழ்ந்த போரில் மாண்டான். மாக்பெத் 1050 இல் உரோமை நகருக்குத் திருப்பயணம் சென்று ஏழைகளுக்குப் பொருள் வழங்கினான் எனப் பழைய குறிப்புக் கூறுகிறது. நாடகம் எழுதப்பட்ட காலத்தில் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜேம்ஸ் மன்னன் சூனியத்தில் நம்பிக்கை உடையவன். 1597 இல் பேய்களைப் பற்றித் தானே நூல் எழுதியவன். அரங்கில் சூனியக்காரியர் தோன்றியதற்கு அம்மன்னனின் நம்பிக்கையும் ஒரு காரணம் என்பர்.

இரு நூல்களையும் ஒப்புநோக்குக. செயங்கொண்டார் பேய்களைக் கொண்டு ஒரு மன்னனின் புகழை வளர்த்தார்; ஷேக்ஸ்பியர் சூனியக்காரியரைக் கொண்டு ஒரு மன்னனின் பெயரை இருளச் செய்தார். முன்னவன் எவ்வளவு பெரியன், பின்னவன் எவ்வளவு கொடியன் என்பதற்கு இந்நூல்கள் சான்றாகா. இறந்தவர் எழுந்துவந்து மறுமொழி கூற இயலாது. அவர்பொருட்டு ஆராய்ந்து பேசுவது வரலாற்றின் பணி. அப்பணியை நாடகமும் பரணியும் செய்யவில்லை என அவற்றைக் குறைகூறுதல் தகாது. அவை செய்த பணியை வரலாறும் செய்ய இயலாது.

கற்போர் கொள்ள வேண்டியவை

வரலாற்று மாந்தரைப் பேயுலகோடு கலந்து பாடும் நூலைக் கற்போர் மூன்று கேள்விகளை எழுப்பிக்கொள்ளுதல் நன்று. இந்நூலில் வேறு சான்றுகளால் உறுதிப்படுவது யாது? புலவன் தானே படைத்தது யாது? அங்ஙனம் படைத்ததனால் வேறு எவ்வகையாலும் காட்டவியலாத எவ்வுண்மையை அவன் காட்டினான்? முதற் கேள்வி வரலாற்றை வளர்க்கும். இரண்டாம் கேள்வி ஏமாறாமல் காக்கும். மூன்றாம் கேள்வியே இலக்கியத்தின் வாயிலைத் திறக்கும்.

கலிங்கத்துப்பரணியில் இம்மூன்றிற்கும் விடை உண்டு. குலோத்துங்கனும் கருணாகரனும் கலிங்கப் போரும் உறுதிப்பட்ட செய்திகள். காளியும் கூளியும் கூழும் புலவரின் படைப்பு. அப்படைப்புக் காட்டிய உண்மையோ, போர் யாருக்கு விருந்தாகிறது என்பது. வயிறு நிரம்பிய பேய்கள் நூலின் முடிவில் சோழனை வாழ்த்துகின்றன. புலவர் அவ்வாழ்த்தை மன்னன் புகழாகவே பாடினார் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவர் படைத்த பேய்கள் அவர் கருதியதினும் மிகுதியாகப் பேசுகின்றன. போரை வாழ்த்தும் நா யாருடைய நா என்பதனை அவை சொல்லாமற் சொல்கின்றன.

களத்தில் இரு குரல்கள் எழுந்தன. உண்டு களித்தவற்றின் வாழ்த்து ஒன்று. கணவனின் கை எங்கே, மார்பு எங்கே எனக் கேட்ட பெண்ணின் குரல் மற்றொன்று. செயங்கொண்டார் இரண்டையும் மறையாமல் பாடிவைத்தார். வாழ்த்தினைக் கேட்டு நூலை மூடிவிடாமல், அப்பெண்ணின் கேள்வியையும் செவிமடுப்பவரே பரணியை முழுமையாகக் கற்றவராவர்.